தமிழில் அளக்கவும் தமிழில் கேட்கவும்: உளவியல் முதுநிலைப் பயிற்சி குறித்த தலைமை உரை



 மருத்துவ உளவியலையும் சோதனை உளவியலையும் முதுநிலையில் பயிலும் மாணவர்களை எப்படி உருவாக்குவது என்பது இந்த இரண்டு நாள் கருத்தரங்குக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். அதைக் கோலாலம்பூரின் பங்சாரில் கூடிப் பேசுவது பொருத்தமானது. பக்கத்தில் லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. மறுபுறம் புக்கிட் டாமன்சாராவில் ஹெல்ப் பல்கலைக்கழகம். நகருக்குள் ராஜா மூடா அப்துல் அஜிஸ் சாலையில் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மின் சுகாதார அறிவியல் புலம். மூன்றிலும் மருத்துவ உளவியலுக்கு முதுகலைப் படிப்பு உண்டு. இதே வட்டாரத்தில்தான் பங்சார் தமிழ்ப்பள்ளியும் பிரிக்ஃபீல்ட்ஸும் கிள்ளான் வரை நீளும் தமிழ்க் குடியிருப்புகளும் இருக்கின்றன. படிப்பும், அந்தப் படிப்பின் பயன் சேர வேண்டிய மக்களும் அருகருகே இருந்தும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் பேசும் நோயாளியைச் சந்திக்கும் உளவியலாளருக்கு அளவுகோல் ஆயத்தமாக இருக்கிறது. வேறு யாரோ பல்லாண்டு உழைத்துச் செய்து வைத்த சோதனைகளை எடுத்துப் பயன்படுத்தினால் போதும். தமிழ் பேசும் நோயாளியைச் சந்திப்பவருக்கு அந்த வசதி மிகக் குறைவு. அளப்பவரே அளவுகோலையும் செய்தாக வேண்டும். ஆகவே நம்மிடையே பணியாற்றப்போகும் மருத்துவ உளவியலாளர் நல்ல சோதனை உளவியலாளராகவும் இருந்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் கற்பிக்கும் வசதி மற்றவர்களுக்கு இருக்கலாம், நமக்கு இல்லை.

இவ்விரு துறைகளும் பிறக்கும்போது பிரிந்து பிறக்கவில்லை. 1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகத்தை நிறுவினார். அங்கே பயின்ற லைட்னர் விட்மர் அமெரிக்கா திரும்பி, 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் சிகிச்சையகத்தைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டத் தெரியாமல் தவித்த ஒரு மாணவனை அவன் ஆசிரியை அவரிடம் கொண்டுவந்து சேர்த்ததில்தான் அந்தப் பணி தொடங்கியது. ஆய்வகத்தில் புலனுணர்வை அளந்து பழகியவரிடம், வகுப்பறையில் அன்றாடம் துன்பத்தைப் பார்த்தவர் ஒரு கேள்வியைக் கொடுத்தார். இங்கே அமர்ந்திருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நம் துறைக்கு முதல் கேள்வியைக் கேட்டவர் ஓர் ஆசிரியர்.

இந்தியாவிலும் அப்படித்தான். 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியல் துறையைத் தொடங்கிய நரேந்திரநாத் சென்குப்தா, வுண்ட்டின் மாணவரான மூன்ஸ்டர்பெர்க்கிடம் ஹார்வர்டில் பயின்றவர். அதே துறையில் கற்பித்த கிரீந்திரசேகர் போஸ்தான் 1933இல் கல்கத்தாவின் ஒரு பொது மருத்துவமனையில் மனநலப் புறநோயாளர் பிரிவைத் திறந்தார். 1924இல் மைசூரில் உளவியல் துறையை உருவாக்கிய எம். வி. கோபாலசுவாமி, லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் அளவியல் கற்றவர். 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றி, அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலில் ஈராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. இன்று நிம்ஹான்ஸ் என்று நாம் அறியும் நிறுவனத்தின் வேர் அதுதான்.

பயிற்சியின் வடிவத்தை முறையாக வகுத்தது 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் நடந்த மாநாடு. இரண்டாம் உலகப்போர் முடிந்து, மனக்காயத்தோடு வீடு திரும்பிய படைவீரர்களுக்குச் சிகிச்சை தர ஆட்கள் போதவில்லை. அவ்வளவு நெருக்கடியிலும் அந்த மாநாடு குறுக்குவழி தேடவில்லை. மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவெடுத்தது. 1973இல் வெய்ல் நகரில் கூடிய மாநாடு, சிகிச்சையையே முதன்மையாகக் கொண்ட படிப்புகளுக்கும் இடம் தந்தது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நம் நாட்டின் பாடத்திட்டங்களிலும் அது உயிரோடு இருக்கிறது.

மலேசியாவில் முதல் உளவியல் துறை 1979இல் யுகேஎம்மில் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் சுகாதாரத் துணைத்தொழில் சட்டம் 23 தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றில் மருத்துவ உளவியலையும் சேர்த்தது. 2020 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முறையான முதுகலைப் பயிற்சியும் பதிவும் இல்லாத ஒருவர் தம்மை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளும் காலம் போய்விட்டது. 2023இல் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்டது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய பிரிவு அது. அதே ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினர், ஏறக்குறைய 10 லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதாகக் கண்டது. 2019இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி ஒருவரையொருவர் இழிவுபடுத்திய சமூகம், இப்போது மெல்ல மெல்ல உதவி கேட்டு வரத் தொடங்கியிருக்கிறது. வருகிறவர்களிடம் நாம் எதைக் கொண்டு பேசப்போகிறோம், எதைக் கொண்டு அளக்கப்போகிறோம்?

ஓர் எளிய சோதனையை எடுத்துக்கொள்வோம். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். எத்தனை எண்கள் வரை பிழையின்றிச் சொல்கிறார் என்பது அவருடைய உடனடி நினைவாற்றலின் அளவு. நுண்ணறிவுச் சோதனைகளிலும் மறதிநோய்ச் சோதனைகளிலும் இது உண்டு. 1980இல் எல்லிஸ், ஹென்னலி என்ற இரு ஆய்வாளர்கள் வேல்ஸ் நாட்டில் ஒன்றைக் கண்டார்கள். வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் அறிந்த மாணவர்கள் வெல்ஷ் மொழியில் குறைவான எண்களையே திருப்பிச் சொன்னார்கள். அவர்களுடைய நினைவில் குறையில்லை. வெல்ஷ் எண்களை உச்சரிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. மனத்துக்குள் சொல்லிச் சொல்லி எண்களைத் தக்கவைக்கும் வேலை அதனால் தாமதமாகிறது. இதை அறியாமல் ஆங்கில அளவை அப்படியே வைத்திருந்தால், வெல்ஷ் பிள்ளைகள் மந்தமானவர்கள் என்றல்லவா முத்திரை விழுந்திருக்கும்?

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். மாண்டரின் எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரை ஓரசையில் முடிகின்றன. ஆங்கிலத்தில் ஏழைத் தவிர மற்றவையும் அப்படியே. மலாய் எண்கள் பெரும்பாலும் ஈரசை. நம் பேச்சுத்தமிழின் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் ஈரசை, ஒம்போது மூவசை. கிள்ளானில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் ஐந்து எண்களைச் சொல்லி ஆறாவதில் தடுமாறினால், அது மறதிநோயின் தொடக்கமா, மொழியின் இயல்பா, தோட்டப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதன் விளைவா? இதற்கு விடை சொல்ல, அதே வயதும் அதே படிப்பும் உள்ள நலமான தமிழர்கள் பலரிடம் அதே சோதனையைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

பொருள்களின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் பாஸ்டன் சோதனையில் 60 படங்கள் இருக்கின்றன. எஸ்கிமோக்களின் பனிவீடும் பீவர் என்ற வடஅமெரிக்க விலங்கும் பிரெட்சல் என்ற முறுக்கிய ரொட்டியும் அவற்றில் அடங்கும். காப்பார் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்தவர் பீவருக்குப் பெயர் சொல்லாவிட்டால் எதைக் கண்டுபிடித்துவிட்டோம்? சோதனைத்தாளைத் தமிழாக்கினால் மட்டும் இது தீராது. எந்தப் படம் எளிது, எது கடினம், எந்த வயதினர் எவ்வளவு நேரத்தில் பெயரிடுகிறார்கள் என்பதையெல்லாம் நம் மக்களிடமே அளந்து, படங்களை முதலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அது முழுக்க முழுக்கச் சோதனை உளவியலாளரின் வேலை. அந்த வேலை நடக்காதவரை, மருத்துவமனையில் நாம் எழுதும் அறிக்கைகளின் கீழ் உறுதியான தரை இல்லை.

நம் மண் இந்தப் பாடத்தை உலகுக்கே கற்றுத்தந்திருக்கிறது. திடுக்கிட்டவுடன் தன்னையறியாமல் பிறர் சொல்வதையும் செய்வதையும் அப்படியே திரும்பச் செய்யும் நிலையை மலாய்க்காரர்கள் லாத்தா என்பார்கள். சிங்கப்பூர் மனநல விடுதியின் பொறுப்பில் இருந்த கில்மோர் எல்லிஸ் 1897இல் அதை மலாய்க்காரர்களின் மனநோய் என்று எழுதினார். பிற்காலத்தில் மனநல மருத்துவர் ரொனால்ட் சைமன்ஸ் இங்கே வந்து, மனிதர் அனைவருக்கும் பொதுவான திடுக்கிடும் உடல்வினையோடு அதை ஒப்பிட்டார். பொதுவான உடல்வினையை ஒரு பண்பாடு தன் போக்கில் வளர்த்தெடுத்திருக்கிறது என்பது அவர் முடிவு. மானிடவியலாளர்கள் சிலர் அவரை மறுத்தார்கள். ஆனால் ஒரு மக்களின் மீது ஒட்டப்பட்ட நோய்ப்பெயரைக் கேள்வி கேட்க, பொறுமையாக உட்கார்ந்து பார்க்கவும் துல்லியமாக அளக்கவும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள் என்பதில் ஐயமில்லை.

அளப்பது நோயாளியை மட்டுமன்று, நம்மையும்தான். 1954இல் உளவியலாளர் பால் மீல் வெளியிட்ட சிறு நூல், எதிர்காலத்தைக் கணிப்பதில் அனுபவமிக்க சிகிச்சையாளரின் உள்ளுணர்வைவிட எளிய கணக்கு பெரும்பாலும் குறைந்துபோவதில்லை என்று காட்டியது. இதைப் படித்த மாணவருக்குத் தம் தீர்ப்பின் மீது ஆரோக்கியமான ஐயம் பிறக்கும். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உளவியலாளர் எம். பி. ஷபீரோ இன்னொரு வழியைத் திறந்தார். ஒரே ஒரு நோயாளியை வைத்தே முறையான ஆய்வு செய்யலாம் என்றார் அவர். பள்ளிக்குப் போக அஞ்சும் ஒரு பிள்ளையை எண்ணிப்பாருங்கள். சிகிச்சை தொடங்குமுன் இரண்டு வாரம் அச்சத்தை நாள்தோறும் குறித்து வைக்கிறோம். பின் ஒரு முறையைத் தொடங்கி, மாற்றத்தைத் தொடர்ந்து குறிக்கிறோம். தானாகவே குறைந்ததா, நம்மால் குறைந்ததா என்பதை ஓரளவு கணிக்க முடியும். ஆயிரம் பேரைத் திரட்டும் பணமும் ஆளும் இல்லாத நமக்கு இந்த முறை பெரிய வரம்.

கேட்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாய்க்கும் உளவியலாளருக்கும் இடையில் மகன் மொழிபெயர்ப்பாளராக உட்காரும் காட்சி நம் மருத்துவமனைகளில் சாதாரணம். மகன் முன்னிலையில் தாய் எதைச் சொல்வார்? மருமகளைப் பற்றியோ இறந்துபோன கணவரின் குடியைப் பற்றியோ வாய் திறப்பாரா? நெஞ்சு அடைக்கிறது, கை கால் ஓய்கிறது என்று அவர் சொல்வதை மகன் ஒரே சொல்லில் சுருக்கிவிடுகிறார். தமிழ் தெரிந்த பயிற்சி மாணவர் நேராகக் கேட்டாலும், பின்னர் ஆங்கிலத்தில் குறிப்பெழுதித் தமிழறியாத மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறார். அங்கே நடந்த உரையாடலின் நயமும் தயக்கமும் மேற்பார்வையாளரை எட்டுவதேயில்லை. மாணவர் தவறாகக் கேட்டிருந்தால் அதைத் திருத்த ஆளில்லை.

இதைத் தமிழில் செய்ய முடியும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. இலங்கை உள்நாட்டுப் போரின் நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் மனக்காயங்களைப் பற்றித் தமிழிலேயே ‘மனவடு’ என்ற நூலை 1993இல் தந்தார். குண்டு விழும் ஊரில் அது முடிந்ததென்றால், மூன்று பல்கலைக்கழகங்கள் சூழ்ந்த இந்த ஊரில் முடியாது என்று சொல்ல நமக்கு வாயில்லை.

எனவே இந்தக் கருத்தரங்கின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, மருத்துவ உளவியல் மாணவர் ஒவ்வொருவரும் பயிற்சிக் காலத்தில் ஒரு நோயாளியையாவது ஷபீரோ காட்டிய முறையில் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். அது கூடுதல் சுமையாகிவிடாமல், நல்ல சிகிச்சையின் பகுதியாகவே மதிப்பிடப்பட வேண்டும்.

இரண்டாவது, சோதனை உளவியல் மாணவர்கள் ஒரு பருவமாவது மருத்துவமனையில் செலவிட வேண்டும். எந்த நினைவுச் சோதனை யாரை ஏமாற்றுகிறது என்பதை நோயாளியின் எதிரில் அமர்ந்தவரே அறிவார். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அவர்கள் அலையவும் வேண்டியிருக்காது.

மூன்றாவது, தமிழருக்கான ஒப்பீட்டு அளவுகளை நாம் கூட்டாகத் திரட்ட வேண்டும். ஆண்டுக்குப் பத்து மாணவர்கள் தலா இருபது நலமான பெரியவர்களைச் சந்தித்தால் 200 பேர். ஐந்தாண்டில் 1,000 பேர். வயது, படித்த ஆண்டுகள், வீட்டுமொழி, பள்ளிமொழி என்று எல்லோரும் ஒரே படிவத்தில் குறிக்க வேண்டும். பெயர்கள் நீக்கப்பட்ட தரவு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 1956 முதல் இயங்கிவரும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் மொழியறிஞர்கள் இதில் நமக்குத் துணைநிற்க வேண்டும். ஒருவரைப் பார்த்தவுடன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கும் சிறிய சமூகம் நம்முடையது. ஆகவே ஒப்புதல் பெறுவதிலும் மறைகாப்பதிலும் மற்றவர்களைவிட இருமடங்கு கவனம் நமக்கு வேண்டும்.

நான்காவது, தமிழில் மேற்பார்வை. நோயாளியின் ஒப்புதலோடு பதிவுசெய்த உரையாடலைத் தமிழறிந்த மூத்த உளவியலாளர் ஒருவர் மாணவரோடு அமர்ந்து கேட்க வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே அப்படி ஒருவரைத் தேடுவது கடினம். பதிவுபெற்ற தமிழ் உளவியலாளர்கள் சேர்ந்து ஒரு பொது மேற்பார்வைக் குழுவை அமைத்தால் எல்லோருக்கும் போதும்.

மாணவர்களே, இந்தப் படிப்பு உங்களை மிகவும் வருத்தும். பகலில் ஒருவரின் துயரத்தைக் கேட்டுவிட்டு இரவில் புள்ளியியல் படிக்க வேண்டியிருக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பற்றிக்கொள்ளலாம் என்று மனம் சொல்லும். விடாதீர்கள். உங்கள் முன் அமரும் தாய்க்கு உங்கள் பரிவும் வேண்டும், உங்கள் கணக்கு சரியாக இருக்கவும் வேண்டும். பரிவோடு தவறான முடிவைச் சொன்னாலும் அவருக்கு அது தவறான முடிவுதான்.

நாளை மாலை நிறைவு அமர்வில் வெறும் நன்றியுரையோடு நாம் கலையக் கூடாது. எண்ணைத் திருப்பிச் சொல்லும் அந்த ஒரு சோதனைக்கான பொதுப் படிவத்தையாவது இறுதி செய்து, அதைத் தொடங்கப்போகும் மாணவர்களின் பெயரையும் மேற்பார்வையாளர்களின் பெயரையும் எழுதிக்கொண்டு கலைவோம். அந்த உறுதியோடு இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.