கேள்வி கேட்கும் பிள்ளைக்கு ஒரு பரிசு

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், ஆய்வேட்டுப் பரிசை அறிவித்து நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எமது பரிசளிப்பு விழாக்களில் கணிதத்துக்கும் தமிழுக்கும் சங்கீதத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் பரிசுகள் உண்டு. நூறாவது ஆண்டில் இன்னொன்றைச் சேர்க்கின்றோம். எமது பாடசாலையில் கற்று, பல்கலைக்கழகத்தில் இளமாணிப் பட்டத்துக்காக ஆய்வேடு எழுதும் மாணவிகளுள், பகிரங்கப் பொறுப்புக்கூறல் பற்றிய சிறந்த ஆய்வுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் பரிசு அது.

பொறுப்புக்கூறல் என்றதும் எம்மில் பலருக்கு ஜெனீவா நினைவுக்கு வரும். அது இயல்பே. ஆனால் குளக்கட்டைத் திருத்த ஒதுக்கிய பணம் எங்கே போனது, வைத்தியசாலையில் மருந்து ஏன் இல்லை என்று கேட்பதும் பொறுப்புக்கூறலைக் கேட்பதுதான். பொதுப்பணத்தையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்பவர், அவற்றை என்ன செய்தார் என்று மக்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இன்று கேட்பதற்குச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதன் பின்னர் ஆணைக்குழு உண்டு. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கருத்திட்டம் என்றால், அது தொடங்குமுன்பே மக்களுக்கு விபரம் தெரிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. எமது பிரதேசத்தில் இது எத்தனை தடவை நடந்தது? ஒரு நல்ல ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

சட்டத்தின் எல்லையையும் நாம் அறிவோம். அதே 2017 பெப்ரவரியில்தான் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கேட்கும் உரிமை வந்துவிட்டது என்பதால் பதிலும் வந்துவிடவில்லை. கேள்வியை மறக்கவிடாமல், திகதியோடும் சான்றோடும் எழுதி வைப்பதற்கு ஆய்வாளர் தேவைப்படுகின்றனர்.

சான்றின் பலத்துக்குச் சுன்னாகத்தைப் பாருங்கள். கிணற்று நீரில் எண்ணெய் மணக்கிறது என்று மக்கள் சொன்னார்கள். அந்த முறைப்பாடு நீர்ப் பரிசோதனைகளோடு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் அம்மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின் உற்பத்தி நிறுவனமொன்றுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. வாளியில் மிதந்த எண்ணெயை எல்லோரும் கண்டார்கள். அதை அளந்து எழுதியபோதுதான் அது வழக்காயிற்று.

எமது பழைய மாணவிகள் பலர் மாவட்டச் செயலகத்திலும் பிரதேச சபைகளிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கின்றனர். மாணவியின் கேள்விக் கடிதம் அவர்களது மேசைக்கே வரலாம். "எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையே எங்களிட்டக் கணக்குக் கேக்கிறதோ?" என்று மனம் சுருங்கலாம். அவர்களிடம் நாம் பணிவாகக் கேட்பது இதுதான்: அந்தப் பிள்ளையை இருக்கச் சொல்லுங்கள், கோப்பைக் காட்டுங்கள். நேர்மையாக வேலை செய்யும் அலுவலருக்கும் ஒழுங்கான பதிவேட்டை விடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

அதனாலேயே பரிசுக்குச் சில விதிகள் வகுத்துள்ளோம். நடுவர் மூவரும் சங்கத்துக்கு வெளியே இருந்து வருவர். ஆய்வேடு பெயரின்றியே அவர்களிடம் செல்லும். எம்மைச் சேர்ந்தவர் ஒருவரின் பணியைக் குறை கூறுகிறது என்ற காரணத்துக்காக எந்த ஆய்வும் ஒதுக்கப்படமாட்டாது. எந்த மொழியில் எழுதினாலும், பரிசு பெறுபவர் தமது முடிவுகளைச் சில பக்கங்களில் எளிய தமிழில் எழுதி, ஆய்வு நடந்த ஊர் மக்கள் முன் வாசிக்க வேண்டும். பிரதியொன்று உரிய அலுவலகத்துக்கும் போகும். நூலக அலுமாரியில் தூங்கும் ஆய்வேட்டால் யாருக்குப் பயன்?

கணக்குக் கேட்போருக்குப் பரிசு கொடுக்கும் நாமும் கணக்குக் காட்ட வேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருந்து சகோதரிகள் அனுப்பும் ஒவ்வொரு ரூபாவும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். உள்ளூராரும் வெளியூராரும் கேள்வி கேட்கலாம்.

இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1931இல்தான். அதற்கு முன்னரே கூடி, எழுந்து பேசி, தீர்மானம் நிறைவேற்றப் பழகியவர்கள் எமது முன்னோடிகள். அவர்கள் எழுந்து நின்ற இடத்தில் இன்றைய பிள்ளைகளும் எழுந்து நிற்கட்டும். மாணவிகளே, உங்கள் ஊரில் எல்லோரும் முணுமுணுக்கும், ஆனால் எவரும் எழுத்தில் கேட்காத கேள்வி எது? அதிலிருந்து தொடங்குங்கள்.