காதுக்கு எட்டாத வதந்தி

ஓர் ஊரில் ஒரு வதந்தி கிளம்புகிறது. கடைசியில் எத்தனை பேர் காதுக்குப் போய்ச் சேரும்? ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் என்றுதான் நினைப்போம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

1964-ல் டேலி, கெண்டல் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 'நேச்சர்' இதழில் சிறு குறிப்பு ஒன்று எழுதினார்கள். வதந்தியும் தொற்றுநோய் மாதிரிதானே, அதே சமன்பாடு போதுமே என்று பலரும் நினைத்திருந்த காலம். இவர்கள் ஒரு வித்தியாசத்தைப் பிடித்தார்கள். காய்ச்சல்காரர் தானாகக் குணமாகிவிடுவார். வதந்திக்காரர் அப்படி ஓய்கிற ஆளா? "சங்கதி தெரியுமா?" என்று ஆவலோடு ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவர், "அது நேத்தே தெரியுமே!" என்பார். அவ்வளவுதான், சப்பென்று ஆகிவிடும். அப்புறம் யாரிடமும் அதைச் சொல்லமாட்டார்.

ஆக, கேட்காதவர், பரப்புகிறவர், கேட்டும் வாயை மூடிக்கொண்டவர் என்று மூன்று வகை. யாரும் யாரையும் சந்திக்கலாம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பெரிய ஊரில் சுமார் 20 சதவீதம் பேருக்கு அந்த வதந்தி எட்டுவதே இல்லை! வேகமாகப் பரவினாலும், மெதுவாகப் பரவினாலும் விடை இதேதான்.

வாட்ஸ்ஆப்பில், "நேத்தே தெரியுமே" என்று அலுத்துக்கொள்ளும் முகம் நமக்குத் தெரிவதில்லை. அதனால் வேறு தடை தேவைப்பட்டது. 2018-ல் இந்தியாவில், ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் வரம்பு வைத்தது. 2020-ல், பல கை மாறி வந்த செய்திகளுக்கு அந்த வரம்பு ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது.