கையேடு கடைசி வேலை அல்ல

(பழைய மாணவர் சங்கக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"மென்பொருள் பற்றி ஏதாவது பேசுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். அதனால் யாரும் பேச விரும்பாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். அதுதான் யூசர் மேனுவல், அதாவது பயனர் கையேடு.

"மேனுவலை யார் சார் படிக்கிறாங்க?" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மருத்துவமனையில் படிப்பார்கள். விமானத்தில் படிப்பார்கள். அங்கே அது சரியில்லை என்றால் உயிர் போகும்.

தெராக்-25 என்றொரு கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. சிலர் இறந்தே போனார்கள். மூலக் குற்றம் மென்பொருளிலும் வடிவமைப்பிலும்தான். ஆனால் கோளாறு வந்தபோது திரையில் தோன்றியது என்ன? "மால்பங்ஷன் 54" என்று ஒரு வெறும் எண். அதற்கு என்ன அர்த்தம் என்று இயக்குபவருக்குத் தந்த கையேட்டில் விளக்கம் இல்லை. இப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வந்து பழகிப்போனதால், அவர்களும் பொத்தானை அழுத்தி வேலையைத் தொடர்ந்தார்கள்.

இது ஏன் நடக்கிறது? நம் ஊர் கம்பெனிகளில் வேலை நடக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் வாடிக்கையாளரின் தேவைகளை எழுதுகிறோம். பிறகு வடிவமைப்பு, நிரல், டெஸ்டிங். எல்லாம் முடிந்து, டெலிவரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "அடடா, மேனுவல் எழுதணுமே!" என்று ஒருவரைப் பிடித்து உட்கார வைக்கிறோம். அவர் பாவம், திரையைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். திரையில் தெரியாதது கையேட்டிலும் இருக்காது.

இதற்குத்தான் தேவை மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்கிறேன். 1990-களில் வந்த டோர்ஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. 2008 முதல் அது ஐ.பி.எம். வசம். இதில் ஒவ்வொரு தேவையும் தனித்தனிப் பதிவு. அதற்கென்று ஓர் எண், சில குணங்கள், மற்ற பதிவுகளோடு இணைப்புகள். பொதுவாக இந்த இணைப்பைச் சோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கையேட்டின் பத்தி வரை இழுத்துவிட வேண்டும்.

எப்படிச் செய்வது? ஒவ்வொரு தேவைக்கும் நான்கு கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள். ஒன்று, இது பயனருக்குத் தெரிய வேண்டியதா? இரண்டு, எந்தப் பயனருக்கு? மூன்று, எந்த அத்தியாயத்தில் வரும்? நான்கு, அவருக்குப் புரிகிற மொழியில் அதை எப்படிச் சொல்வது?

ஓர் உதாரணம். "மூன்று முறை தவறான ரகசிய எண் தந்தால் அட்டையை முடக்க வேண்டும்." இது தேவை. இதை அப்படியே கையேட்டில் அச்சடித்தால் பயனருக்கு உதவாது. அவருக்கு வேண்டியது, முடங்கினால் எவ்வளவு நேரம், யாரிடம் போகணும், பணம் பத்திரமா என்பது. நான்காவது கட்டத்தை நிரப்ப உட்காரும்போதே இந்தக் கேள்விகள் வந்துவிடும். பதில் இல்லையென்றால் தேவையே அரைகுறை என்று அர்த்தம். நிரல் ஒரு வரி எழுதும் முன்பே ஓட்டை தெரிந்துவிடுகிறது! கையேடு எழுதுபவர்தான் தேவைகளுக்கு முதல் சோதனையாளர் என்பது என் கருத்து.

அடுத்த லாபம், மாற்றம் வரும்போது. ஒரு தேவையைத் திருத்தினால், அதோடு இணைந்த பத்தியைச் "சந்தேகத்துக்குரியது" என்று மென்பொருளே கொடி காட்டும். யாராவது பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அந்தக் கொடி இறங்காது. தமிழிலும் கையேடு போடுபவர்கள், மாறிய வாக்கியங்களை மட்டும் மறுபடி மொழிபெயர்த்தால் போதும்.

போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். எம்காஸ் என்ற தானியங்கி ஏற்பாடு, விமானத்தின் வால் சிறகை 0.6 டிகிரி வரை திருப்பும் என்பது முதல் கணக்கு. பின்னர் குறைந்த வேகத்திலும் இயங்கும்படி மாற்றியபோது அது 2.5 டிகிரி வரை போனது. 2016-ல் அந்த ஏற்பாட்டைப் பற்றிய குறிப்பை விமானிகளின் கையேட்டிலிருந்து எடுக்க அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. அனுமதித்த அதிகாரிகளுக்கு அந்த மாற்றம் தெரிவிக்கப்படவில்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் மாண்டார்கள். மறைக்க நினைப்பவரை எந்த மென்பொருளும் திருத்தாது, உண்மைதான். ஆனால் தேவையிலிருந்து கையேட்டுக்கு ஓர் இணைப்பும், அதைத் தட்டிக் கேட்க ஒரு மனிதரும் இருந்தால், மறைப்பது சுலபமில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தினால் கையேடு கொட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். தேவைகள் இயந்திரத்தின் உறுப்புகள் வரிசையில் இருக்கும். பயனரோ தன் வேலையின் வரிசையில் யோசிப்பார். "பில் போடுவது எப்படி" என்பது அவர் அத்தியாயம். அதற்குப் பதினைந்து இடங்களில் சிதறிக் கிடக்கும் தேவைகளைக் கோத்துத் தர எழுதத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். மென்பொருள் தருவது சரக்கு, சமையல் நம்முடையது.

"எங்க கம்பெனி சின்னது சார், இதெல்லாம் வாங்கக் கட்டுப்படியாகாது" என்பவர்கள் எக்செல்லில் நான்கு பத்திகளைச் சேர்த்து நாளைக்கே ஆரம்பிக்கலாம். கொடியை நாமே ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே இருக்கும் இளைய தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையேடு எழுதும் வேலை உங்களுக்கு வந்தால், "இதுக்கா இன்ஜினியரிங் படிச்சேன்" என்று முகம் சுளிக்காதீர்கள். முதல் கூட்டத்திலேயே எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று கேளுங்கள். நள்ளிரவில் ஓர் இயந்திரத்தின் முன் தனியாக நிற்கும் ஒரு நர்ஸுக்காக அங்கே பேச வேறு ஆள் கிடையாது.