மூளைக்காய்ச்சலும் இல்லறத்தார் கடமையும்



ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனும் நச்சுயிரி நோய் இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலாக அறியப்பட்டது 1955ஆம் ஆண்டு வேலூரில். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம் வந்தவாசியும் ஆரணியும் அடங்கிய சமணர் வாழ்நிலம். நெல் விளையும் நிலம்.

நெல்வயலுக்கும் இந்நோய்க்கும் உறவு நெருக்கமானது. வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றிடமிருந்து நச்சுயிரியைப் பெற்று, அந்திக்குப்பின் மனிதரைக் கடிக்கின்றன. தொற்றுக்கு ஆளாவோரில் மிகச் சிலரே கடும் நோயுறுவர். அவருள் பெரும்பாலோர் சிறார். காய்ச்சல், வாந்தி, வலிப்பு, நினைவு தடுமாறல் எனத் தொடர்ந்து 100க்கு 30 பேர் வரை மாள்வதுண்டு. பிழைத்தோரிலும் பலர் பேச்சோ நடையோ குன்றி வாழ்கின்றனர்.

நாலறிவுயிராகிய கொசுவைக் கொல்லலாமோ என்ற வினா இங்கு எழும். இல்லறத்தான் அறவே விடவேண்டியது சங்கல்ப இம்சை. உழவில் நேர்வது உத்தியோக இம்சை. அதனையும் இயன்றவரை குறைப்பது அவன் கடன். மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார், யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கு கலந்திட்டு, வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விட்டுப் பார்த்தனர், கொசுப்புழுக்கள் குறைந்தன. புழு மாய்வதும் உயிரிழப்பே என்பாரை மறுப்பதற்கில்லை. ஆயினும் தெருத்தோறும் நச்சுப்புகை இடுவதினும் இது சிறிது. கொசுவலையோ இம்சையே அற்றது.

இந்நச்சுயிரியை அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. வலிப்பை அடக்குதல், மூளை வீக்கத்தைத் தணித்தல், மூச்சுக்குத் துணைநிற்றல் ஆகியனவே மருத்துவம். உதட்டோரம் கொப்புளம் தரும் ஹெர்ப்பிஸ் நச்சுயிரி மூளையைத் தாக்கினால் நிலை வேறு. மருந்தின்றி விட்டால் பத்தில் ஏழுபேர் இறப்பர். அசைக்ளோவிர் மருந்தை விரைந்து தொடங்கி, 14 முதல் 21 நாள் நாளத்தில் செலுத்தினால் பெரும்பாலோர் பிழைப்பர். ஆய்வு முடிவு வருமுன்னரே மருத்துவர் அதனைத் தொடங்குவது இதனால்தான்.

எந்த நச்சுயிரி என்பதை அறியத் தண்டுவட நீர் வேண்டும். முதுகில் ஊசியிட்டால் கால் விழுந்துவிடும் என்றஞ்சிக் கையொப்பமிட மறுக்கும் பெற்றோர் உளர். ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்திற்குக் கீழே, அவ்வச்சம் பொருந்தாது. தயங்கும் ஒவ்வொரு நாழிகையும் குழந்தையின் மூளைக்கு இழப்பு.

முன்னாளில் இந்நோய்க்கான தடுப்பூசி எலியின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. நோன்புடைய உள்ளம் அதற்குக் கூசினால் வியப்பில்லை. கோலாரில் கிடைத்த நச்சுயிரியைக் கொண்டு 2013இல் வெளிவந்த ஜென்வாக், ஆய்வகத்தில் வளர்க்கும் வீரோ உயிரணுக்களில் உருவாவது. நோய் மிகுந்த மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, 9 மாதம் நிறைந்ததும் ஒருமுறையும், 16 முதல் 24 மாதத்திற்குள் மறுமுறையும், அரசுத் திட்டத்தில் இலவசமாக இடப்படுகிறது.