ஆண் மரமா, பெண் மரமா? சாரலில் ஒரு ஒட்டுக்கட்டும் வகுப்பு

குற்றாலம்னு சொன்னதும் உங்களுக்கு அருவி, குரங்கு, பார்டர் பரோட்டா எல்லாம் ஞாபகம் வரும். எனக்கு ஜாதிக்காய் ஞாபகம் வரும். ஏன்னா தென்காசி பக்கம் ஒரு கல்லூரியோட தோட்டக்கலை மன்றத்துக்கு நான் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். அங்க எங்க முக்கியமான வேலையே ஜாதிக்காய்க் கன்று உருவாக்குறதுதான்.

ஜாதிக்காய் எப்படி இந்தப் பக்கம் வந்தது? அது இந்தோனேசியாவோட பண்டா தீவுகளைச் சேர்ந்த மரம். ரொம்ப காலம் அந்தத் தீவுகள் டச்சுக்காரங்க பிடியில இருந்தது. 1796-ல் ஆங்கிலேயர் அதைப் பிடிச்சாங்க. அங்கிருந்து கன்றுகள் பல ஊருக்குப் போச்சு. 1800-ஐ ஒட்டிய வருஷங்கள்ல கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்துலயும் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் போட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையோட ஈரம், நிழல், தென்மேற்குப் பருவமழை மூணும் அந்த மரத்துக்குப் பிடிச்சுப்போச்சு.

ஆனா இந்த மரத்துல ஒரு சிக்கல் இருக்கு. ஜாதிக்காயில ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. காய்க்கிறது பெண் மரம் மட்டும்தான். விதை போட்டு வளர்த்தா ஏறக்குறைய பாதி ஆணாத்தான் வரும். எது ஆண், எது பெண்ணுன்னு பூ பூக்கிற வரைக்கும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பூக்க 6, 7 வருஷம் ஆகும். யோசிச்சுப் பாருங்க: ஒரு சின்ன விவசாயி 20 கன்று வாங்கி, 7 வருஷம் தண்ணி ஊத்தி, உரம் வெச்சு, கடைசியில பாதி மரம் காய்க்காதுன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்? பத்து பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் இருந்தா மகரந்தத்துக்குப் போதும். மீதி எல்லாம் அவருக்கு நஷ்டம்தான்.

இதுக்கு வழி ஒட்டுக்கட்டுறது. மன்றத்துல நாங்க செய்யறதைச் சொல்றேன். ஜூன், ஜூலைல சாரல் அடிக்கும்போது பழம் வெடிக்கும். சிவப்பா இருக்கிற ஜாதிபத்திரியை உரிச்சிட்டு, விதையை ஓட்டோட அன்னைக்கே மணல்ல போடணும். காயவெச்சா முளைக்காது. முளைச்சு, முதல் இலை வந்து, தண்டு கொஞ்சம் தேறினதும் அதுதான் நம்ம வேர்ச்செடி. தண்டை மட்டமா வெட்டி, நடுவுல ஒன்றரை, ரெண்டு செ.மீ. ஆழத்துக்குக் கீறுவோம். நல்லா காய்க்கிற பெண் மரத்துல இருந்து ஒரு குச்சி எடுத்து, அடியை ஆப்பு மாதிரி சீவி, அந்தக் கீறல்ல இறக்கணும். தோலும் தோலும் ஒரு பக்கமாவது சேரணும், அதுதான் உயிர்நாடி. பாலித்தீன் நாடாவால இறுக்கிக் கட்டி, மேல ஒரு பையைக் கவிழ்த்து நிழல்ல வெச்சிடுவோம். ஒரு மாசம் கழிச்சு துளிர் தெரிஞ்சா பையை எடுக்கலாம்.

இதுல இன்னொரு நுணுக்கம் உண்டு. நேரா மேல போற கிளையில இருந்து குச்சி எடுத்தா கன்று நேரா வளரும். பக்கவாட்டுக் கிளையில எடுத்தா புதர் மாதிரி பரந்துதான் வளரும். புத்தகத்துல இது ஒரு வரி. மரத்தடியில நின்னு அண்ணாந்து பார்த்து, எது எந்தக் கிளைன்னு கை காட்டும்போதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடுது.

இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தி கேட்டா: “சார், இது காய்க்கும்போது நான் இங்க இருக்கவே மாட்டேனே, எனக்கு என்ன கிடைக்கும்?” நியாயமான கேள்வி. ஒட்டுக்கன்றே காய்க்க 4 வருஷம் ஆகும், அவங்க படிப்போ 3 வருஷம். நான் சொன்னேன்: “கத்தி பிடிக்கிற பழக்கம் உன்கூட வரும்மா. மாவுக்கும் அதே கைதான். நர்சரி வைக்கணும்னு நெனச்சா அதுவே முதல்.” மன்றத்துக்குன்னு தங்கறது ஒரு நோட்டு. எந்தத் தாய் மரம், எந்தத் தேதி, யார் கட்டினது, பிடிச்சதா இல்லையான்னு எல்லாம் அதுல இருக்கு. அடுத்த பேட்ச் அதைப் பார்த்துத்தான் குச்சி எடுக்குது.

நிறைய கல்லூரிகள்ல மன்றம்னா ஜூன் 5 அன்னைக்கு ஒரு கன்று, ஒரு போட்டோ, அதோட முடிஞ்சது. உங்க கல்லூரியிலயும் அப்படித்தான்னா, ஒரே ஒரு வேலையை எடுத்துக்கோங்க. சென்னையில ஜாதிக்காய் வராட்டி போகுது, மாங்கொட்டை கிடைக்கும்ல? இந்த வருஷம் சாப்பிட்ட மாங்கொட்டையை ஈரம் காயறதுக்குள்ள ஊனுங்க. பத்து கன்று தேறினா, நல்ல மரம் வெச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட பத்து குச்சி கேளுங்க. பத்துல நாலு பிடிச்சாலும் சந்தோஷம்தான். எத்தனை பிடிச்சதுன்னு எனக்கு எழுதுங்க.