புதுசாக ஒரு நாடகம்

(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வாரம் காரியதரிசி போன் செய்தார். "ஆண்டு விழாவுக்கு என்ன நாடகம் போடலாம்னு நீங்கதான் சொல்லணும். இருபது நிமிஷம் பேசுங்கோ" என்றார். எனக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "நாற்பது வருஷமா முதல் வரிசையில உக்காந்து குறை சொல்லிண்டிருக்கேளே, அது போறாதா?" என்றார். என் தகுதி அவ்வளவுதான். படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம். பார்த்தது சர்க்கார் உத்யோகம். மேடை ஏறியது ஒரே ஒரு தடவை, காலேஜில், போலீஸ்காரனாக. வசனம் கிடையாது.

நம்முடைய பழைய ஆண்டு விழா அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தேன். (நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை என்பது வீட்டில் நிரந்தரப் புகார்.) பெரும்பாலும் சென்னையிலிருந்து வரும் குழு, பெரும்பாலும் காமெடி, சில நாடகங்கள் இரண்டாவது தடவை. காமெடி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கிரேஸி மோகன் நாடகங்களுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தவன் நான். 2019-ல் அவர் போன செய்தி வந்த அன்று சொந்த மனுஷர் போன மாதிரி இருந்தது. என் கேள்வி வேறு. நமக்குத் தெரிந்த நாடகங்கள் எல்லாமே ஒரு காலத்தில் புது நாடகங்கள்தானே? அவற்றை முதலில் பார்த்தது யார்?

நம்மைப் போன்ற சபா ஜனங்கள்தான். ஒய்.ஜி. பார்த்தசாரதி யு.ஏ.ஏ. குழுவை 1952-ல் ஆரம்பித்தார். சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் 1954-ல் வந்தது. கே. பாலசந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு, சென்னை ஏ.ஜி. ஆபீஸில் உத்யோகம் பார்த்துக்கொண்டே 'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர்நீச்சல்' எல்லாம் எழுதினார். நம் ஊர் பி.இ.எல். ஃபாக்டரியில் எஞ்சினியராக இருந்துகொண்டு சுஜாதா எழுதிய நாடகங்களைப் பூர்ணம் விஸ்வநாதன் மேடையேற்றினார். பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் ஆபீஸிலிருந்து நேரே வந்தவர்கள். 1968-ல் நான் காலேஜில் படிக்கும்போது 'முகமது பின் துக்ளக்' பார்த்தேன். அடுத்த காட்சியில் என்ன வரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இன்று நமக்கு அடுத்த ஜோக் என்ன என்று தெரியும், நடிகர் சொல்வதற்கு முன்னால் சிரித்துவிடுகிறோம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பாத்யதை உண்டு. நவீன கன்னட நாடகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் டி.பி. கைலாசம். தமிழ்க் குடும்பம், அப்பா மைசூர் சமஸ்தானத்து ஜட்ஜ் பரமசிவ ஐயர். பிள்ளை லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சயன்ஸில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்து வந்து சமஸ்தானத்து உத்யோகத்தில் சேர்ந்தார். அதை விட்டுவிட்டு நாடகம் எழுதினார். அப்போது மேடையில் ராஜாக்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். இவர் வீட்டுக் கூடத்தையும் கூடத்தில் பேசும் பாஷையையும் மேடைக்குக் கொண்டுவந்தார். பாதி இங்கிலீஷ் கலந்த கன்னடம், நம்மாத்துத் தமிழ் மாதிரியேதான். அவருடைய 'டொள்ளு கட்டி'யில் பாடத்தை உருப்போடும் பையன் ஒருவன், மார்க் வாங்காத ஆனால் மனசு உள்ள பையன் ஒருவன். எது வெறும் டொள்ளு, எது கட்டி என்பதுதான் கேள்வி. கோச்சிங் கிளாஸுக்கு எல்.கே.ஜி.யிலிருந்தே க்யூ நிற்கும் ஊரில் அந்த நாடகம் பழசாகிவிட்டதா? அவர் 1946-ல் காலமானார். ஆசிரியர் மறைந்து அறுபது வருஷம் வரைதான் காப்புரிமை, ஆகவே அனுமதி கேட்கவும் வேண்டாம். நம்மில் கன்னடமும் தமிழும் சமமாகத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்க்கலாம்.

இப்போது ஒரு பாவத்தைச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், வேறொரு சபாவில் நான் நாடக உபகமிட்டி மெம்பராக இருந்தேன். பாங்க் உத்யோகஸ்தர், முப்பது வயசு இருக்கும், ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் கையால் எழுதிய நாடகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கதை இதுதான். ஒரு அம்மா. அப்பா போய்விட்டார். இரண்டு பிள்ளைகள். மூன்று மாதம் பெரியவன் வீடு, மூன்று மாதம் சின்னவன் வீடு. நாடகம் முழுக்க அந்த அம்மாள் ஒரு பெட்டியைக் கட்டுகிறாள், பிரிக்கிறாள், மறுபடி கட்டுகிறாள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, மாட்டுப்பெண்களும் கெட்டவர்கள் இல்லை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் அந்த நாடகத்தின் கஷ்டம்.

படித்துவிட்டு நான் ஒரு நோட் எழுதினேன். அந்த வாசகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "எழுத்து நன்று. விழாவுக்கு ஏற்றதல்ல. அங்கத்தினர்கள் சிரிக்க வருகிறார்கள்." மற்ற இரண்டு மெம்பர்கள் கீழே கையெழுத்துப் போட்டார்கள். நோட்டுப் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. "தேங்க்ஸ் சார்" என்றார். பிறகு அவர் எதையும் எழுதிக் கொண்டுவரவில்லை.

எனக்கு இப்போது எழுபத்தாறு வயசு. நானும் சகதர்மிணியும் ஆறு மாதம் இங்கே பிள்ளை வீட்டில், ஆறு மாதம் புனேயில் பெண் வீட்டில். இரண்டு இடத்திலும் தாங்குகிறார்கள். ஆனால் பெட்டியைக் கட்டும்போதெல்லாம் அந்த நோட்டுப் புஸ்தகம் ஞாபகம் வருகிறது. நான் எழுதிய நோட் தப்பு. சிரிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் அந்தப் பெட்டி இருந்தது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை. நாடகம் பேசியிருக்கும்.

சரி, காரியத்துக்கு வருவோம். "சிபாரிசு என்ன?" என்று காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நம் ஊரிலேயே இருந்த கிரீஷ் கார்னாட் எழுதிய 'ஒடகலு பிம்ப'. உடைந்த பிம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றுவிட்ட கன்னட எழுத்தாளர் மஞ்சுளா டி.வி. ஸ்டூடியோவில் பேசி முடித்துவிட்டு எழுந்திருக்கிறாள். திரையில் இருக்கும் அவள் பிம்பம் மட்டும் போகாமல் நின்று அவளைக் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது. சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து மறைந்த தங்கையைப் பற்றி, அந்த நாவலை உண்மையில் எழுதியது யார் என்பதைப் பற்றி. ஒரே ஒரு நடிகை, ஒரு பெரிய டி.வி. செலவுக் கணக்குப் பார்க்கும் பொக்கிஷதாரருக்கு இதைவிடச் சந்தோஷம் ஏது? தாய்மொழியில் எழுதுவதா, இங்கிலீஷில் எழுதுவதா என்ற சண்டையும் உள்ளே இருக்கிறது. நம் வீட்டுப் பேரக்குழந்தைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நிலையில் அது நம் சண்டையும்தான்.

அடுத்தது, இதே ஊர்க்காரரான மகேஷ் தத்தானி இங்கிலீஷில் எழுதிய 'டான்ஸ் லைக் எ மேன்'. 1989-ல் நம் சௌடையா ஹாலில்தான் முதலில் அரங்கேறியது. பரதநாட்டியம் ஆடும் கணவன் மனைவி. ஆண்பிள்ளை நாட்டியம் ஆடுவதா என்று அப்பா தடுக்கிறார். அவர் சுதந்திரப் போராட்டத் தியாகி, சீர்திருத்தவாதி, ஊருக்கெல்லாம் நல்லவர். வீட்டுக்குள் மட்டும் வேறு மனுஷர். இவர் ஜாடையில் நமக்கு ஒரு பெரியப்பாவாவது இருப்பார். அரங்கேற்றம் அரங்கேற்றமாகப் போகும் நம் கூட்டத்துக்கு இதைத் தமிழில் போட்டால் மாமிகள் ஒவ்வொரு வரியையும் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வெளிதேசத்து நாடகம். ஃப்ளோரியான் ஸெல்லர் என்ற பிரெஞ்சுக்காரர் 2012-ல் எழுதிய 'அப்பா'. சினிமாவாகவும் வந்து, அதில் நடித்த ஆன்டனி ஹாப்கின்ஸுக்கு 2021-ல் ஆஸ்கார் கிடைத்தது. பார்த்திருப்பீர்கள். ஞாபகம் கலைந்துகொண்டே வரும் ஒரு கிழவர். நாம் அவரை வெளியிலிருந்து பார்த்துப் பரிதாபப்படுவதில்லை, அவர் தலைக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிடுகிறார் ஆசிரியர். பெண் உள்ளே போகிறாள், வெளியே வருவது வேறொரு நடிகை, அவளும் 'நான்தான் உன் பெண்' என்கிறாள். காட்சிக்குக் காட்சி மேடையில் மேஜை நாற்காலிகள் குறைந்துகொண்டே போகும். கைக்கடிகாரத்தை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று கிழவர் ஓயாமல் தேடுகிறார். இதை ஜயநகரில் ஒரு ஃபிளாட்டில் நடப்பதாக மாற்றினால் ஒரு வரிகூட அந்நியமாக இராது. நம் சங்கத்திலேயே இரண்டு மூன்று வீடுகளில் இது நடந்துகொண்டிருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், அந்த வீட்டார் இங்கே இருக்கிறார்கள். இதற்கு ஆசிரியர் தரப்பில் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும், பணமும் கட்ட வேண்டும். 'நம்ம ஊர்ல யார் கேக்கப் போறா' என்று யாரும் சொல்லாதீர்கள். கார்னாட், தத்தானி நாடகங்களுக்கும் இதேதான்.

சயன்ஸ் படித்த எனக்கு அந்தரங்கமாக ஒரு ஆசை உண்டு. மைக்கேல் ஃப்ரெய்ன் 1998-ல் எழுதிய 'கோபன்ஹேகன்'. 1941-ல் யுத்தத்தின் நடுவே ஹைசன்பர்க் தன் குருநாதர் நீல்ஸ் போரைப் பார்க்க வந்தாரே, ஏன் வந்தார், என்ன பேசினார்கள்? மூன்றே பாத்திரங்கள். ஆனால் இரண்டரை மணி நேரம் அணு விஞ்ஞானம். நாடகம் முடியும்போது ஹாலில் நான் ஒருவன்தான் இருப்பேன், ஆகவே வற்புறுத்தவில்லை. அதற்குப் பதில் சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்' போதும். ரிடயரான மனுஷர் கண்ணுக்கு மட்டும் எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவன் தெரிகிறான், வீட்டார் பைத்தியம் என்கிறார்கள். அது புதுசில்லை, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ரிடயரானவன் பேச்சை வீட்டில் யாரும் நம்புவதில்லை என்ற பாகம் என்றைக்கும் புதுசு.

ஆட்சேபணை வரும். "ஜனங்கள் வருவார்களா?" ஜே.பி. நகர் ரங்கசங்கராவுக்குப் போய்ப் பாருங்கள். சங்கர் நாக் நினைவாக அருந்ததி நாக் முயற்சியில் 2004-ல் திறந்த அரங்கம். நாடகம் ஏழரை என்றால் ஏழரைதான். ஒரு நிமிஷம் தாமதமானால் கதவு திறக்காது. ஒரு தடவை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, கையில் டிக்கெட்டோடு வெளியே நின்றிருக்கிறேன். கோபம் வந்தது, மரியாதையும் வந்தது. உள்ளே நிறைய இருபது இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். அவர்களில் நம்மாத்துக் குழந்தைகளும் இருக்கிறார்கள். நம் ஆண்டு விழாவுக்குத்தான் அவர்கள் வருவதில்லை.

எடுத்த எடுப்பில் மேடை, செட்டு, லைட் என்று இறங்க வேண்டாம். எந்தச் சோதனையையும் முதலில் சின்ன அளவில் செய்து பார்ப்பதுதான் லாபரட்டரி வழக்கம். மாதம் ஒரு நாடகத்தை உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்போம். ஆளுக்கொரு பாத்திரம், கையில் ஜெராக்ஸ் பிரதி. எந்த நாடகத்தில் படிப்பவர் குரல் நடுவில் நின்று போகிறதோ, எந்த இடத்தில் ஹாலில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறதோ, அதை மேடைக்கு எடுத்துக்கொள்வோம். கமிட்டி நோட் எழுதித் தீர்மானிக்க வேண்டாம். என் நோட்டின் லட்சணம்தான் சொன்னேனே.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் முதல் வாசிப்பு. லிஃப்ட் கிடையாது, பதினெட்டுப் படி. படிக்கிற கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். காபியும் தவலை வடையும் எங்கள் பொறுப்பு. சொந்தமாக எழுதி வைத்திருப்பவர்கள் கூச்சப்படாமல் எடுத்து வரலாம். கையெழுத்துப் பிரதியானாலும் சரி. அந்தப் பாங்க் உத்யோகஸ்தருக்கு இப்போது அறுபது வயசு ஆகியிருக்க வேண்டும். மாற்றலாகி வடக்கே போனார் என்று கேள்வி. உங்களில் யாருக்காவது, பெட்டி கட்டும் அம்மா நாடகம் எழுதிய ஒருவரைத் தெரிந்திருந்தால், என் நம்பரைக் கொடுங்கள்.