பல் பிடுங்கப் போகுமுன் சாப்பிட்டீர்களா?

தமிழ்நாடு-கர்நாடக எல்லையில் உள்ள பாலாற்றில் இருப்பவர்களுக்குப் பல் வலி என்றால் பஸ் ஏற வேண்டும். ஒரு பக்கம் மேட்டூர், இன்னொரு பக்கம் மாதேஸ்வரன் மலை. "பல்லுதானே, வந்து சாப்பிட்டுக்கலாம்" என்று வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுகிறோம். சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. அதுதான் ஆபத்து.

பல் டாக்டரிடம் அதிகம் நேர்வது மயக்கம். ஊசி பயம், கூடவே பசி. முகம் வெளுக்கும். நெற்றியில் குப்பென்று வியர்க்கும். உடனே டாக்டர் நாற்காலியைச் சாய்த்துப் படுக்க வைத்து, காலை உயர்த்துவார். தலைக்கு ரத்தம் போகும். பெரும்பாலும் சீக்கிரமே கண் திறந்துவிடுவார்கள்.

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், பேச்சு குழறும். நினைவு இருக்கிறதா? சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு இல்லையா? வாயில் எதையும் ஊற்றாதீர்கள், எதையும். நெஞ்சு வலித்தால், நினைவு திரும்பாவிட்டால், 108. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.

முழு மயக்கம் கொடுப்பதென்றால் மட்டும் டாக்டர் சொன்னபடி பட்டினி இருங்கள். மற்றபடி, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். தினமும் போடும் மாத்திரை அட்டையும் பையில் இருக்கட்டும். டாக்டர் கேட்பார்.